மனம் சோர்ந்தால் கால் சோரும்

பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளுகிறார்கள். வண்டி அசையவில்லை. ஒருவர் "ஐலசா" என்று குரல் கொடுக்கிறார். மற்றவர்களும் "ஐலசா" என்கிறார்கள். வண்டி நகர்கிறது. இந்தி பேசும் ஊர்களில் இதையே "ஹைஷா" என்பார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. ஆனாலும் அது உதவுகிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் தள்ள வைக்கிறது. களைப்பை மறக்கச் செய்கிறது.

நீண்ட தூரம் ஓடுகிறவர்களும் இப்படி ஒரு சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். சிலர் அதை மந்திரம் என்பார்கள். ஆனால் இதில் மாயம் எதுவும் இல்லை.

"நிறுத்து" என்று சொல்வது யார்?

ஓடத் தொடங்கியதும் மூச்சு வாங்குகிறது. கால் கனக்கிறது. உடம்பு சூடாகிறது. "போதும், நிறுத்து" என்று மனம் சொல்கிறது.

அப்போது பலம் முழுவதும் தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. ஓட்டப் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். தள்ளாடி வருகிறவரும் முடிவுக் கோடு கண்ணில் பட்டதும் வேகமாக ஓடுவார். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? உள்ளே மிச்சம் இருந்தது.

பானையில் அரிசி தீருவதற்கு முன்பே "அரிசி வாங்க வேண்டும்" என்கிறோம் அல்லவா? மனமும் அப்படித்தான். பலம் தீரும் முன்பே எச்சரிக்கிறது. அந்த நேரத்தைக் கடக்கத்தான் மந்திரச் சொல் உதவுகிறது.

100 வயதில் ஓடியவர்

பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் அருகே பியாஸ் பிண்ட் என்று ஒரு கிராமம். அங்கே பிறந்த விவசாயி ஃபௌஜா சிங். சிறு வயதில் அவர் கால்கள் மெலிந்திருந்தன. ஐந்து வயது வரை நடக்கவில்லை.

1994இல் அவருடைய மகன் விபத்தில் இறந்தார். அந்தத் துயரம் அவரை வாட்டியது. பிறகு அவர் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடினார். அப்போது அவருக்கு வயது 89. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான ஓட்டம். மைல் கணக்கில் 26 மைல். 2011இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் தம் 100ஆம் வயதில் மாரத்தான் ஓடி முடித்தார்.

எப்படி முடிந்தது? முதல் 20 மைல் கஷ்டம் இல்லை என்பார் அவர். கடைசி 6 மைல் தூரமும் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவாராம். அதுவே அவருடைய மந்திரம். 2025 ஜூலையில், சொந்த ஊரில் வாகனம் மோதி அவர் இறந்தார்.

எண்ணிக்கொண்டே ஓடியவர்

இங்கிலாந்தைச் சேர்ந்த பாலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். 16 ஆண்டுகள் அந்தச் சாதனையை எந்தப் பெண்ணும் முறியடிக்கவில்லை.

கஷ்டம் வரும்போது அவர் எண்களை எண்ணுவார். மூன்று முறை நூறு வரை எண்ணினால் ஒரு மைல் முடிந்துவிடும். அவருக்குத் துணை ஒன்று, இரண்டு, மூன்றுதான்!

எப்படிப் பழகுவது?

1. சின்னச் சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மொழியிலேயே இருக்கட்டும். "முடியும், முடியும்" என்பது போதும். "முடியவில்லை" என்ற சொல் வேண்டாம்.

2. காலடிக்கு ஏற்றபடி மனதுக்குள் சொல்லுங்கள். மூச்சும் சீராகும்.

3. முழுத் தூரத்தையும் நினைக்காதீர்கள். "அந்த மின்கம்பம் வரை" என்று ஓடுங்கள். பிறகு அடுத்த கம்பம்.

4. முகத்தையும் தோளையும் இறுக்காதீர்கள். தளர்வாக வையுங்கள்.

5. பல வாரம் ஓடிப் பழகுங்கள். பயிற்சி இல்லாத காலுக்கு மந்திரம் பலம் தராது.

எப்போது நிறுத்த வேண்டும்?

இது மிக முக்கியம். போலீஸ், ராணுவ வேலைக்கு ஓட்டத் தேர்வு உண்டு. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். வெயிலும் புழுக்கமும் அதிகம். பலர் மயங்கி விழுந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். தேர்வு சில நாள் நிறுத்தப்பட்டது. காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்று முதலமைச்சர் அறிவித்தார்.

வேலை கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு பெரியது. அந்தத் தவிப்பில் உடம்பு சொல்வது காதில் விழாது. எனவே இதை நினைவில் வையுங்கள். களைப்பு வேறு, ஆபத்து வேறு.

மூச்சு வாங்குவதும் கால் கனப்பதும் களைப்பு. மந்திரம் சொல்லித் தாண்டலாம்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது, பேச்சு குழறுவது ஆகியவை ஆபத்து. உடனே நிறுத்துங்கள். அப்போது எந்த மந்திரமும் வேண்டாம்.

வெயிலில் ஒருவர் விழுந்தால் நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். உடையைத் தளர்த்துங்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவு இருந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வேலைக்குத் தேர்வு மறுபடி வரும். உயிர் மறுபடி வராது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை விடியற்காலையில் ஓடப் போகலாம். மந்திரச் சொல்லைக் கற்றுக்கொடுங்கள். நிறுத்த வேண்டிய நேரத்தையும் கற்றுக்கொடுங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நாற்று நடும்போதும் பாரம் இழுக்கும்போதும் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?

2. களைப்புக்கும் ஆபத்துக்கும் என்ன வித்தியாசம்?

3. உங்களுக்குப் பிடித்த மந்திரச் சொல் எது? நோட்டில் எழுதுங்கள்.