வெள்ளம் வந்தால் மீன்கள் எங்கே ஒதுங்கும்?

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. வீடூர் அணையும் திறக்கப்பட, சங்கராபரணியில் வெள்ளம் கரைபுரண்டது. வில்லியனூர் பக்கம் பாலத்தில் நின்று பார்த்தவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம்: இந்த இழுப்புல மீன் எப்படி தாக்குப்பிடிக்குது?

எதிர்நீச்சல் போடுதா?

முடிந்தவரை இல்லை. நீண்ட நேரம் எதிர்நீச்சல் போட்டால் மீனும் களைத்துவிடும். ஆற்றின் நடுவில், மேல்மட்டத்தில்தான் வேகம் அதிகம். தரையை ஒட்டி ஓடும் தண்ணீர் உராய்வால் வேகம் குறையும். பாறைக்குப் பின்னால், மர வேர்களுக்கு நடுவில், கரையோரப் புல்லில் இன்னும் மெதுவாகச் சுழலும். மீன் அங்கேதான் ஒதுங்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, எதிர்காற்று தாங்காமல் ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் குனிவோமே, அதே டெக்னிக்!

எந்தப் பக்கம் இழுப்பு குறைவு என்பதை எப்படிக் கண்டுபிடிக்கும்? உடலின் இருபுறமும் உள்ள ‘பக்கக்கோடு’ என்ற உணர் உறுப்பு அதைச் சொல்லிவிடும்.

மலை ஆறுகளில்?

சங்கராபரணிக்கு வெள்ளம் சில நாள் விருந்தாளி. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாய்ச்சல்தான் அன்றாட வாழ்க்கை. அதனால் அங்கே உடம்பே மாறியிருக்கிறது.

• காரா மீன்: வாய்க்குக் கீழே ஒட்டும் தட்டு. அதை வைத்துப் பாறையைப் பிடித்துக்கொள்ளும்.

• பவானியா மீன்: தட்டையான வயிறு, பக்கவாட்டில் விரிந்த துடுப்புகள். தண்ணீர் மேலே வழுக்கிப் போய்விடும்.

• கருப்பு ஈயின் புழு: பாறையில் பட்டு நூலை ஒட்டி, பின்புறக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்ளும். பிடி நழுவினாலும் நூல்தான் ‘சேஃப்டி ரோப்’.

இத்தகைய உயிரினங்களைப் பற்றி இந்திய விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா 1930-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்போ என்ன பிரச்சினை?

இந்தத் திறமை எல்லாம் ஒதுங்க இடம் இருந்தால்தான் பலிக்கும். மணலையும் கல்லையும் அள்ளி, கரையை கான்கிரீட்டால் வழுவழுப்பாக்கினால், ஆறு வெறும் குழாய் ஆகிவிடும். வெள்ளத்தில் மீனுக்கு ஒதுங்க மூலையே இருக்காது. மலையில் அணை கட்டினால் சிக்கல் வேறு மாதிரி: தேங்கிய நீரில் பாறை மேல் வண்டல் படியும். ஒட்டிக்கொள்ள வந்த மீனுக்குப் பாறையே கிடைக்காது.

அடுத்த மழைக்கு ஆற்றைப் பார்த்தால் சீறும் நடுப்பகுதியை மட்டும் பார்க்காதீங்க. கரையோரப் புல்லையும் வேரையும் பாருங்க. உயிர்கள் பிழைக்கிற இடம் அதுதான்.