பென்ஷன் முடிவாவது பதினெட்டு வயதில்!

அடல் பென்ஷன் திட்டத்தில் 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வேண்டுமா? 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய். முன்னவர் 42 வருடத்தில் கட்டுவது ஏறக்குறைய 1.06 லட்சம், பின்னவர் 20 வருடத்தில் கட்டுவது 3.49 லட்சம். கையில் கிடைக்கும் பென்ஷன் ஒன்றேதான்.

'முன்னாடியே சேர வேண்டியதுதானே?' என்று கேட்டுவிடலாம். ஆனால், பதினெட்டு வயதில் அது யாருக்குத் தெரியும்? பி.எஃப்., நாமினி, இன்ஷூரன்ஸ் என்ற பேச்செல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். வாரக்கூலியில் மளிகைக் கடனை அடைக்கும் வீட்டில் அந்தப் பேச்சே எழாது.

பாதை அடுத்துப் பிரிவது படிப்பில். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் பி.எஃப். கட்டாயம். பத்தாவதோடு நின்றவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது சிறு பட்டறைக்கும் கட்டட வேலைக்கும். அங்கே அந்தப் பிடித்தமே கிடையாது. பிடித்தம் உள்ள வேலையில், முதலாளி தன் பங்காகத் தரும், சம்பளத்தின் 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தில் 35 வருடம் வேலை பார்த்தவருக்கு, 58 வயதில் மாதம் ஏறக்குறைய 7,500 ரூபாய் வரும். கூலி வேலையிலேயே முதுமை கண்டவர் நம்பியிருப்பது, தகுதி இருந்தால், தமிழக அரசின் 1,200 ரூபாய் உதவித்தொகையை.

நடுவில் நழுவுகிறவர்கள் பெண்கள். பிளஸ் டூ முடித்து நூல் மில்லுக்குப் போகிற பெண்ணுக்கு பி.எஃப். பிடிப்பார்கள். கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விட்டு, மொத்தத்தையும் எடுத்து நகைக்குக் கொடுத்துவிடுகிறாள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அவள் ஐந்து வருடம் உழைத்திருந்தாலும், பென்ஷன் பணத்தையும் எடுத்த அன்றே அந்தக் கணக்கு பூஜ்யம். பென்ஷன் பணத்தை எடுக்கக் கொடுத்த அதே 10சி படிவத்தில், பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் கேட்டிருந்தால், அடுத்த வேலையின் வருடங்கள் இதோடு சேர்ந்திருக்கும். அதைச் சொல்ல அவளுக்கு ஆளில்லை.

படிக்கவைப்பதில் தமிழகம் சளைக்கவில்லை. மதிய உணவில் தொடங்கி, 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வரை அதற்குச் சாட்சி. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இங்கே 47 சதவீதம். அகில இந்திய அளவில் 28 சதவீதம்தான். ஆனால், பட்டம் வாங்கியவரும் ஒப்பந்த வேலையில் சேரும்போது பிடித்தம் உண்டா என்று கேட்கத் தயங்குகிறார். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி படித்தவர்தான் அவர். சம்பளச் சீட்டைப் படிக்க மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வீட்டில் கிடைக்காத அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம்தான் நடத்தியாக வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே நடத்தவேண்டும். அதற்குப் பிறகு வகுப்பறைக்கு வராத பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை.