கண்ணில் காசநோய்: கிருமியைக் காணாமலே மருந்து ஏன்?

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு குறித்த கெடு முடிந்துவிட்டது, நோய் முடியவில்லை. 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த ஆண்டுப் பாதிப்பு 2024-இல் 187. வாக்களித்தது 80 விழுக்காடு குறைப்பு, நடந்தது 21. இந்தக் குறைப்பில் உலகச் சராசரியை விஞ்சிவிட்டோம் என்கின்றன அரசு அறிக்கைகள்.

கெடுவை ஒட்டி வந்த வாசகர் கடிதங்களில் பல கண்ணைப் பற்றியவை. இருமல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. கண் சிவந்து பார்வை மங்கியதற்கு டி.பி. மாத்திரை எழுதியிருக்கிறார்கள், கூடவே ஸ்டீராய்டும். இது சரியா என்று கேட்கிறார்கள்.

மேன்டூ பாசிட்டிவ் என்றால் கண்ணில் டி.பி.யா?

இல்லை. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மேன்டூவும், ரத்தத்தில் செய்யும் இக்ராவும் வருகைப் பதிவேடு போன்றவை. கிருமி என்றோ உடலுக்குள் வந்ததைச் சொல்லும். இன்று கண்ணுக்குள் இருக்கிறதா என்று சொல்லாது. பி.சி.ஜி. தடுப்பூசியாலும் மேன்டூ தடிக்கலாம். இக்ராவில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி 15 வயதைக் கடந்த இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொற்று உண்டு. வேறு காரணத்தால் கண் அழற்சி வந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் பாசிட்டிவாக இருப்பார் என்றுதானே பொருள்?

கிருமியை நேராகவே தேடக் கூடாதா?

தேடலாம், கிடைப்பது அரிது. கண்ணுக்குள் இருக்கும் கிருமிகள் சொற்பம். அழற்சியின் பெரும்பகுதி அவற்றுக்கு எதிராக நம் உடல் காட்டும் எதிர்ப்பு. விழித்திரையைச் சதைப் பரிசோதனைக்கு எளிதில் வெட்டி எடுக்க முடியாது. கண்ணிலிருந்து எடுக்கும் துளி நீரில் பி.சி.ஆர். செய்து நெகட்டிவ் வந்தாலும் டி.பி. இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் மருத்துவர் முதலில் பார்ப்பது கண்ணுக்குள் தெரியும் வடிவத்தை. விழித்திரைக்கு அடியில் பாம்பு நெளிந்தாற்போலப் பரவும் புண், ரத்த நாளங்களை ஒட்டிய அழற்சி, சிறு கட்டிகள் ஆகியவை இருந்து, மேன்டூ அல்லது இக்ராவும், மார்பு சி.டி. ஸ்கேனும் அதே திசையில் கைகாட்டினால் மருந்து தொடங்குகிறார்கள்.

மருந்தில் குணமானால் அது டி.பி.தானே?

இதுதான் சிக்கலான இடம். டி.பி. மருந்தும் ஸ்டீராய்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தொடங்கப்படுகின்றன. சில வாரங்களில் கண் தெளிகிறது. தெளிய வைத்தது எது? டி.பி.யைப் போலவே தோன்றும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் ஸ்டீராய்டுக்குப் பணியும். ஆகவே முதல் மாதத்து முன்னேற்றம் எதையும் நிரூபிக்காது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகும் கண் அமைதியாக இருக்கிறதா என்பதே கேள்வி. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 360 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு இது: ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அழற்சி திரும்பியது, டி.பி. மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் இதைக் கடைசிச் சொல்லாகக் கொள்ள முடியாது. ஆனால் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல என்று காட்டப் போதுமானது.

எத்தனை மாதம்? 2016 இந்திய வழிகாட்டுதலின்படி 6 முதல் 9 மாதம்.

தொடங்கியதும் கண் மோசமானால்? கிருமி மடியும்போது அழற்சி கூடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையே கண்ணைக் கெடுக்குமா? எத்தாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கலாம். சிவப்பு, பச்சை மங்கினால் உடனே சொல்லுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா? கண்ணிலிருந்து தொற்றாது, நுரையீரலிலும் நோய் இருந்தால் தொற்றும்.

அரசு உதவி உண்டா? அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவானால் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய்.

மருந்துச் சீட்டு கைக்கு வரும்போது மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: என் கண்ணில் எந்த அடையாளத்தைப் பார்த்து டி.பி. என்கிறீர்கள்? மேன்டூ பாசிட்டிவ் என்பது மட்டுமே பதிலாக வந்தால், இன்னொரு கண் மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடங்குங்கள்.