மொறிஸ் மைனரின் நடுப்பட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏணியிலிருந்து வீழ்ந்தேன். வலது முன்கையின் இரு எலும்புகளும் முறிந்தன. உலோகத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். கட்டவிழ்த்த பின்பும் விரல்கள் வெண்கட்டியைப் பிடிக்க மறுத்தன. கரும்பலகையே வாழ்வாயிருந்த ஆசிரியனுக்கு அது சிறு துயரன்று.

பென்சிலெடுத்து, அயல்வீட்டு முற்றத்தில் நின்ற பழைய மொறிஸ் மைனரை வரையலானேன். முதல் மாதம் சில்லுகளெல்லாம் கத்தரிக்காய்களாயின! பின்னர், இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டியில் கண் நிலைத்தது. 1948இல் அவ்வண்டி வெளிவருமுன், மாதிரி வண்டி ஒடுக்கமெனக் கண்ட அலெக் இசிகோனிஸ், அதை நீளவாக்கில் அறுப்பித்து 4 அங்குலம் அகட்டினார். அந்த இடைவெளியே இப்பட்டி. முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி, நடுவே தகடு வைத்து இணைத்தார்களாம். அதை வாசித்தபோது என் கை தானாகவே முன்கைத் தழும்பைத் தடவியது.

நேற்று அப்பட்டியின் இரு விளிம்புகளையும் அடிமட்டமின்றி வரைந்தேன். இடக்கோடு சற்றுக் கோணல், வலக்கோடு நேர்.