கணுக்காலில் 210, கட்டைவிரலில் 28

இருபது வருடமாகச் சர்க்கரை உள்ள ஒருவர், ஆறாத கால் புண்ணோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.பி. பார்க்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 210. "காலுக்கு ரத்தம் ஜோராப் போகுது" என்று கூட வந்தவருக்கு நிம்மதி. அந்த 210ஐ நாம் கொஞ்சம் சந்தேகப்படுவோம்.

காலில் சுற்றும் பட்டை எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று அளப்பதே இல்லை. குழாயை நசுக்கி ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ரப்பர் ஹோஸை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். இரும்புக் குழாயில் ஏறிக் குதித்தாலும் நிற்காது. உள்ளே சொட்டுச் சொட்டாக வந்தாலும் அப்படித்தான். நாள்பட்ட சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கணுக்கால் தமனிச் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிப்போகும். எண் ஏறுவது அதனால்.

கால்விரல் தமனிகள் பெரும்பாலும் இதிலிருந்து தப்பிவிடுகின்றன. அதனால் கட்டைவிரலுக்கு ஒரு குட்டிப் பட்டை. அகலம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்க அங்கே சத்தம் ஏதும் இல்லை. பட்டையைத் தளர்த்தும்போது ரத்தம் திரும்பி வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளியை வைத்துத்தான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே ஆக்சிமீட்டர், அதன் உறவுக்காரக் கருவி இது. விரல் நுனியில் ஒட்டினால் ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓர் அலை. பட்டையில் காற்றடித்தால் கோடு தட்டையாகிறது. மெல்ல இறக்கும்போது முதல் மேடு எந்த எண்ணில் எழுகிறதோ அதுதான் விரலின் அழுத்தம். சிக்கல் என்னவென்றால், துடிப்பு மிக நலிந்த காலில் ஆரம்பத்திலேயே அலை இருக்காது.

அங்கேதான் லேசர் டாப்ளர் கைகொடுக்கும். அது துடிப்புக்காகக் காத்திருப்பதில்லை. தோலுக்கடியில் சிவப்பணுக்கள் நகர்கின்றனவா என்று பார்க்கிறது. நோயாளி விரலை லேசாக அசைத்தாலும் அதை ஓட்டம் என்று எடுத்துக்கொள்வது அதன் பலவீனம். பாதரசம் நிரப்பிய மெல்லிய ரப்பர்க் குழாயை விரலில் சுற்றி, விரல் உப்புவதைப் பார்த்த பழைய முறையும் ஒன்று உண்டு.

எந்தக் கருவி என்பதைவிட, விரல் சூடாக இருக்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன். ஏ.சி. அறையில் சில்லிட்ட விரலின் தமனி சுருங்கி, எண்ணைப் பொய்யாகக் குறைத்துவிடும்.

நம்மவரைப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, விரல் வெதுவெதுப்பானதும் அளக்கிறார்கள். கையின் அளவில் பத்தில் ஏழு பங்காவது விரலில் இருக்க வேண்டும், இங்கே 98. வந்தது 28. முப்பதுக்குக் கீழே போனால் புண் தானாக ஆறுவது கடினம். கணுக்காலிலிருந்து ஒரு சாண் தூரம்தான். இனி அடைப்பு எங்கே என்று தேடுவார்கள்.