மூக்குக் கண்ணாடி மறைத்த மர்மம்!

சூப்பர்மேன் வானத்தில் பறப்பான். துப்பாக்கிக் குண்டு அவனை ஒன்றும் செய்யாது. 1938-ம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கப் படக்கதையின் வீரன் இவன்.

இவனேதான் "டெய்லி பிளானெட்" நிருபர் கிளார்க் கென்ட்! மூக்குக் கண்ணாடி, பயந்த சுபாவம். "இந்தக் கோழையா பறப்பான்?" என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒருத்தி சந்தேகப்பட்டாள். உடன் வேலை பார்க்கும் லோயிஸ் லேன். ஆபத்து வந்ததும் கென்ட் எங்கே ஓடுகிறான்?

கேட்டால் ஒரு சாக்கு. சாக்கு பலிக்காவிட்டால் நண்பன் பேட்மேன் கென்ட் வேஷத்தில் வந்து நிற்பான். அல்லது சூப்பர்மேன் உருவில் ஓர் இயந்திர மனிதன் பறந்து காட்டும். இருவரையும் ஒரே இடத்தில் பார்த்த பிறகு லோயிஸ் என்ன சொல்வாள், பாவம்!

குட்டு உடைந்தால் எதிரிகள் அவன் வேண்டியவர்களைப் பழிவாங்குவார்கள். அதனால்தான் இத்தனை பொய்.

1991-ம் ஆண்டு இதழ் ஒன்றில் கென்ட் லோயிஸிடம் உண்மையைச் சொன்னான். அதற்குள் இருவருக்கும் திருமணமே நிச்சயமாகியிருந்தது!