உங்களுக்குத் தெரியுமா? நிழலில் நின்ற கடுகு

★ பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கடைவீட்டு முன்புற நிழல் நடைபாதையான அஞ்சடியில் ஒரு பால் டின்னில் கடுகைத் தூவிப் பாருங்கள். சில நாளில் முளைத்து, ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று உயர்ந்து, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ‘என்னமாய் வளருது’ என்று மகிழ வேண்டாம். இலைக்கும் வேருக்கும் போக வேண்டிய சத்தைத் தண்டு நீள்வதற்கே செலவழித்து, வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது செடி. திறந்த வெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்கு எரியும் அறைக்குள் 500 லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால் இரண்டும் வெளிச்சமாகத்தான் தெரிகின்றன. செடிக்கு அப்படிப் பழக வழியில்லை.

★ கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வெயில் படாத அறையில் வைப்பதால்தான் அது வெளிர் மஞ்சளாக, உயரமாக வருகிறது. சாமிக்கு அழகு, சாகுபடிக்கு உதவாது.

★ பக்கத்தில் இன்னொரு செடி நிற்பது கடுகுக்கு எப்படித் தெரிகிறது? இலைகள் சிவப்பு ஒளியைத் தமக்கென எடுத்துக்கொண்டு, நம் கண்ணுக்கு எட்டியும் எட்டாத தொலைசிவப்பு ஒளியை வெளியே விட்டுவிடுகின்றன. இந்த இரண்டின் விகிதத்தை அளக்கும் நிறமிக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். இங்கிலாந்தில் ஹாரி ஸ்மித்தின் குழு 1980இல் வெண்கடுகுத் தண்டின் மீது ஒளியிழை வழியாகத் தொலைசிவப்பு ஒளியைப் பாய்ச்சியது. ஏறத்தாழப் பத்தே நிமிடத்தில் தண்டின் வளர்ச்சி வேகம் எடுத்தது! பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் ஒளியே போதும். நிழல் விழும் முன்பே கடுகு உஷாராகிவிடும். நாற்று நெருங்கினால் உடனே கலைத்துவிட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் வற்புறுத்துவது சும்மா இல்லை.

★ அந்த நிறமியைப் பற்றி உலகம் கற்றதில் பெரும் பங்கு வெண்கடுகு நாற்றுகளுக்கு உண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மோர் பல ஆண்டுகள் அவற்றை வைத்தே ஆராய்ந்தார்.

★ விதைக்காக வளர்க்கும் கடுகில், நிழல் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். இளம் செடி கொஞ்சம் வாடினாலும் பிறகு தேறிக்கொள்ளும். பூக்கும் நேரத்திலும் அதை அடுத்த இரண்டு மூன்று வாரங்களிலும் வெளிச்சம் குறைந்தால் பூவும் பிஞ்சும் கொட்டும், காய்க்குள் விதை எண்ணிக்கை சரியும். மிஞ்சிய விதைகள் சற்றுக் கனத்து ஓரளவு ஈடு கட்டும். முழு நஷ்டத்தையும் அல்ல. இன்னொன்று: காய் முற்றும்போது இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. பிறகு விதைக்குச் சோறு சமைப்பது அந்தப் பச்சைக் காய்த்தோல்தான்.

★ கடுகினத்தை மறைக்கும் முதல் குடை அதன் சொந்தப் பூ! கடுகின் நெருங்கிய உறவான ரேப் பயிரில், அடர்ந்த மஞ்சள் பூப்படலம் இலைகளுக்குப் போக வேண்டிய வெளிச்சத்தில் பாதியளவைத் தடுத்துவிடும். அதனால் இதழே இல்லாத ரகங்களைக்கூட ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். கண்ணுக்கு விருந்தான வயல் விளைச்சலுக்கு இடைஞ்சல் என்பது சினிமாக்காரர்களுக்கு வருத்தமான செய்தி.

★ வட இந்தியாவில் கடுகு குளிர்காலப் பயிர். பனிமூட்டமும் மேகமும் நாள்கணக்கில் கவிந்தால் வெளிச்சம் குறைவதோடு, அந்த ஈரத்தில் அசுவினிப் பூச்சியும் வெண்துரு நோயும் சேர்ந்துகொள்கின்றன. ஹரியானாவின் யமுனாநகர் பக்கத்தில் பாப்லர் மரங்களுக்கு இடையே கோதுமையும் கடுகும் போடுகிறார்கள். பாப்லர் குளிர்காலத்தில் இலையுதிர்த்து வழிவிடும் மரம். நம் மலேசியச் செம்பனைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

★ புகைமூட்டம் எப்போதும் கெடுதலா? 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை வெடித்த பிறகு, வானில் பரவிய துகள்களால் சிதறிய வெளிச்சம் அடியிலைகளுக்கும் எட்டியதால் அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் ஒளிச்சேர்க்கை கூடியது. அது மெல்லிய திரை. 1997, 2015, 2019 ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வந்து பினாங்கை மூடிய புகை அந்த வகை அல்ல. திரை தடித்தால் மொத்த வெளிச்சமே அடிபடும்.

★ பினாங்கின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரம் சொச்சம்தான். கடுகோ நீண்ட பகலைக் கண்டால் விரைந்து பூக்கும் பயிர். கனடாவின் சாஸ்காச்சுவானில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. கடுகு ஏற்றுமதியில் கனடா முன்னணியில் நிற்க அந்தக் கோடையும் ஒரு காரணம். இங்கே தாளிக்கும் கடுகு கப்பலில் வருகிறது. கடுகினத்தைச் சேர்ந்த சாவி கீரை மட்டும் உள்ளூரில் செழிக்கிறது, ஏனென்றால் அதைப் பூக்கும் முன்பே பறித்துவிடுகிறோம். உச்சி வெயிலுக்கு லேசான நிழல்வலை போட்டால் அந்த இலை இளசாகவே இருக்கும். வலை தடித்தால் இலை மெலிந்து, கட்டின் எடை குறையும்.